5% ரேக் என்றால் உண்மையில் எவ்வளவு? ஆன்லைன் போக்கரில் தளம் எடுக்கும் பங்கு

கேள்வி: ஆன்லைன் போக்கரில் எதிரே இருப்பவர்களும் நம்மைப் போல ஆட வந்தவர்கள்தான். தளம் சீட்டே வாங்குவதில்லை. அப்புறம் அதற்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? ‘பாட்’டிலிருந்து, அதாவது எல்லோரும் கட்டிய பந்தயப் பணம் சேர்ந்த மொத்தத்திலிருந்து, 5% எடுக்கிறார்கள் என்கிறார்கள், அது அவ்வளவு பெரிய தொகையா? சில்லறைத் தொகைக்குச் சின்ன மேஜையில் ஆடுகிறவன் இதற்கெல்லாம் கவலைப்பட வேண்டுமா?

பதில்:

கவலைப்பட வேண்டும். அதிலும் சின்ன மேஜையில் ஆடுகிறவர்தான் மற்ற எவரையும்விட அதிகம் கவலைப்பட வேண்டும். 5% என்று எழுதியிருப்பதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அந்த எண்ணை எதனோடு ஒப்பிட வேண்டும் என்று தெரியாததுதான் அதற்குக் காரணம்.

முதலில் வருமானம் எங்கிருந்து என்பதைப் பார்ப்போம். ரூலட் சக்கரத்தில் சூதாட்ட நிலையம்தான் உங்கள் எதிராளி. ஒற்றைப் பூஜ்யம் உள்ள சக்கரத்தில் 37 கட்டங்கள். ஒரு எண்ணில் கட்டி ஜெயித்தால் கட்டிய தொகைக்கு 36 மடங்கு லாபம் தந்தால்தான் சமக் கணக்கு. ஆனால் தருவது 35 மடங்கு. அந்த இடைவெளி 2.7 சதவீதம், அதுதான் நிலையத்தின் பங்கு. போக்கரில் இப்படி ஒரு எதிராளி கிடையாது. நீங்கள் இழப்பது இன்னொரு ஆட்டக்காரருக்குப் போகிறது. தளம் மேஜை போடுகிறது, சீட்டைக் கலைக்கிறது, பணத்தைப் பிடித்து வைத்துக் கணக்குத் தீர்க்கிறது. பங்குச் சந்தைத் தரகருக்கு விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒன்றுதான், நீங்கள் எத்தனை முறை வாங்கி விற்கிறீர்கள் என்பதில்தான் அவருடைய கமிஷன் இருக்கிறது. போக்கர் தளமும் அப்படித்தான். பணம் மேஜையைச் சுற்றிச் சுற்றி வரும்போது ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பெயர்தான் ரேக்.

எடுக்கும் விதம் எளிமையானது. பெரும்பாலான தளங்களில் பாட்டில் சேர்ந்த தொகையில் சுமார் 5%, அதற்கு மேல் ஒரு உச்சவரம்பு. சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் தொகைக்கு பிளைண்ட் என்று பெயர், சிறியது ஸ்மால் பிளைண்ட், பெரியது பிக் பிளைண்ட். 25 சென்ட், 50 சென்ட் பிளைண்ட் உள்ள மேஜையில் உச்சவரம்பு 2 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பாட் 12 டாலர் என்றால் 60 சென்ட் போகும். 40 டாலர் என்றால் 2 டாலர். 100 டாலர் என்றாலும் அதே 2 டாலர்தான். இரண்டு மூன்று பேர் மட்டும் ஆடும்போது பல தளங்களில் உச்சவரம்பு இன்னும் குறைவு. நீங்கள் 30 டாலர் பந்தயம் கட்டி எதிராளி சீட்டை மடக்கி விலகிவிட்டால், யாரும் ஈடுகட்டாத அந்த 30 டாலர் உங்களிடமே திரும்பும், அதற்கு ரேக் இல்லை. ஃபிளாப், அதாவது நடுவில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு, விழுவதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிட்டால் ரேக்கே கிடையாது என்பதும் பரவலான விதி. ஆனால் சில தளங்கள் ஃபிளாப்புக்கு முன் பந்தயம் பெரிதாகிவிட்டால் அதிலும் எடுக்கின்றன. தளத்தின் விதிப் பக்கத்தில் இந்த ஒரு வரியை மட்டுமாவது தேடிப் படித்துவிடுங்கள்.

கணினி வந்த பிறகுதான் இந்தக் கணக்கு இவ்வளவு நுணுக்கமானது. நேரடி மேஜையில் சீட்டுப் போடுகிறவர் 13 சென்ட்டைக் கிள்ளி எடுக்க முடியாது, ஒரு சிப்பாகத்தான் எடுக்க முடியும். அதனால் பாட் இவ்வளவு ஆனால் ஒரு டாலர், இன்னும் இவ்வளவு ஆனால் இன்னொரு டாலர் என்று படிப்படியாக எடுப்பார்கள். பெரிய மேஜைகளில் பாட்டைத் தொடாமல் அரை மணிக்கு ஒரு முறை உட்கார்ந்திருப்பவர்களிடம் இருக்கைக் கட்டணம் வாங்குவதும் உண்டு. உண்மைப் பணத்துக்கான முதல் ஆன்லைன் தளமான பிளானட் போக்கர் 1998 ஜனவரி 1 அன்று தொடங்கியது. ஆரம்ப காலத் தளங்களில் இந்தப் படி முறையும் இருந்தது. பிறகு சென்ட் வரை துல்லியமாக எடுப்பது வழக்கமானது. துல்லியம் என்றால் நியாயம் என்று தோன்றும். சின்னப் பாட்டுகளும் இப்போது தப்புவதில்லை என்பதுதான் அதன் மறுபக்கம்.

சரி, இதை யார் கட்டுகிறார்கள்? பாட்டை ஜெயித்தவருடைய தொகையிலிருந்துதான் கழிகிறது. அதனால் தோற்றவருக்கு ரேக் என்று ஒன்று இருப்பதே கண்ணில் படுவதில்லை. ஜெயித்தவரும் சந்தோஷத்தில் இருப்பார், கவனிக்க மாட்டார். தளத்துக்கு இது மிக வசதியான ஏற்பாடு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியாக எட்டு சென்ட் கட்டு என்று எல்லோரிடமும் கேட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

உண்மையில் எல்லோருமே கட்டுகிறார்கள் என்பது பாட்டைப் பங்கு போடும்போது தெரியும். இரண்டு பேரிடமும் ஏஸ், கிங். இருவரும் கையிலிருந்த 10 டாலர் முழுவதையும் வைத்து ஆல்-இன். நடுவில் விழுந்த ஐந்து சீட்டும் யாருக்கும் கூடுதலாக உதவவில்லை, பாட் சரிபாதி. 20 டாலரில் ஒரு டாலர் ரேக் போக, ஆளுக்கு 9.50 கிடைக்கும். யாரும் தோற்கவில்லை, ஆனால் இருவருக்கும் 50 சென்ட் நஷ்டம்.

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். ரேக்கைச் சதவீதத்தில் அளப்பது பயனில்லாத வேலை. போக்கரில் லாப நஷ்டத்தை 100 கைக்கு எத்தனை பிக் பிளைண்ட் என்றுதான் அளப்பார்கள். சீட்டு போட்டதிலிருந்து பாட் ஒருவருக்குப் போகும் வரை ஒரு கை. பிக் பிளைண்டைச் சுருக்கமாக பிபி என்பார்கள். ரேக்கையும் அதே அளவுகோலில் வைத்தால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க முடியும்.

5 சென்ட், 10 சென்ட் மேஜையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர். 100 கையில் 60 கை ஃபிளாப் பார்க்கிறது, அந்த 60 பாட்டுகளின் சராசரி 15 பிபி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 5% என்றால் 0.75 பிபி. அறுபது முறை எடுத்தால் 45 பிபி. ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 7.5 பிபி. அதாவது ஒவ்வொருவரும் 100 கைக்கு 75 சென்ட் கட்டுகிறார்கள். மேஜையில் ஆறு பேரும் சம திறமை உள்ளவர்கள் என்றால் ஒருவரும் லாபத்தில் இருக்க முடியாது. ஆளுக்கு 7.5 பிபி என்ற வேகத்தில் எல்லோரும் கரைந்துகொண்டிருப்பார்கள்.

இதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஆறு பேரும் ஆளுக்கு 100 பிபி கொண்டு வந்து உட்காருகிறார்கள், மொத்தம் 600. 100 கைக்கு 45 போனால் சுமார் 1,330 கையில் மேஜையில் இருந்த பணம் முழுவதும் தளத்துக்குப் போயிருக்கும். ஆன்லைனில் ஒரு மேஜையில் மணிக்கு 75 கை ஓடும் என்று கொண்டால், 18 மணி நேரம்கூட ஆகாது. நிஜத்தில் கையிருப்பு குறையக் குறையப் பாட்டும் சின்னதாகும், வேகமும் குறையும், அதனால் இது தோராயம்தான். ஆனாலும் புதிதாக யாரோ ஒருவர் பணம் போட்டுக்கொண்டே இருந்தால்தான் இந்த மேஜை உயிரோடு இருக்கும் என்பது இதிலிருந்து புரியும்.

நன்றாக ஆடுகிற ஒருவர் ரேக் போக 100 கைக்கு 5 பிபி லாபம் பார்த்தால் அது நல்ல லாபம். அப்படியானால் அவர் எதிராளிகளிடமிருந்து உண்மையில் எடுத்தது 12.5. அவரைவிட மேஜையில் அதிகம் சம்பாதித்தது தளம். இதற்கு மாறாக, எதிராளிகளைவிடத் தெளிவாகச் சிறந்தவர், அவர்களிடம் 5 பிபி எடுக்கும் திறமை உள்ளவர், கடைசியில் 2.5 பிபி நஷ்டத்தில் நிற்பார். தனக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். சின்ன மேஜைகளில் ‘நான் சரியாகத்தான் ஆடுகிறேன், ஆனால் பணம் ஏறவே மாட்டேன் என்கிறது’ என்று சொல்கிறவர்களில் பலர் இந்த வகைதான். அவர்களுடைய ஆட்டத்தில் பெரிய குறை இருக்காது, ரேக்கைத் தாண்டும் அளவுக்கு எதிராளிகளோடு இடைவெளி இருக்காது.

பெரிய மேஜையில் ஏன் இப்படி இல்லை? உச்சவரம்புதான் காரணம். 5 டாலர், 10 டாலர் மேஜையில் 5%, உச்சவரம்பு 3 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பாட் 60 டாலரைத் தொட்டவுடன், அதாவது வெறும் 6 பிபி ஆனவுடன், உச்சவரம்பு வந்துவிடும். ஒரு கையில் 0.3 பிபிக்கு மேல் எடுக்கவே முடியாது. முன்பு சொன்ன அதே 60 கை கணக்குப்படி மொத்தம் 18, தலைக்கு அதிகபட்சம் 3 பிபி. ஆனால் 10 சென்ட் மேஜையில் உச்சவரம்பு 1 டாலர் என்றால் பாட் 200 பிபியைத் தொட வேண்டும், இரண்டு பேர் முழுக் கையிருப்பையும் தள்ளும் கை அது. அது எப்போதாவதுதான் வரும். விதிப் பக்கத்தில் இரண்டு மேஜைக்கும் ஒரே 5% என்று எழுதியிருக்கும். அளவிட்டுப் பார்த்தால் சின்ன மேஜையின் பாரம் இரண்டரை மடங்குக்கு மேல். சில தளங்கள் மிகச் சின்ன மேஜைகளில் சதவீதத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்திருக்கின்றன, ஆனால் இந்த இடைவெளியை மூடும் அளவுக்கு அல்ல.

ஒமாஹா என்ற வகைப் போக்கர் ஆடுகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். நான்கு சீட்டு கையில் இருப்பதால் அதிகம் பேர் ஃபிளாப் பார்ப்பார்கள், பாட்டும் பெரிதாகும், ரேக்கும் கூடும். மடக்கிய உடனே வேறு மேஜைக்கு மாற்றிவிடும் வேக ஆட்டங்களில் ஒரு கைக்கான ரேக் ஏறத்தாழ அதேதான், ஆனால் மணிக்கு ஆடும் கைகள் பல மடங்கு. ஃபுல் டில்ட் தளம் 2010 ஜனவரியில் ரஷ் போக்கர் என்ற பெயரில் இதைக் கொண்டு வந்தது, பிறகு மற்ற தளங்களும் தொடங்கின. ஆடுகிறவருக்குச் சலிப்பில்லை, தளத்துக்கு மணிக்கு வருமானம் அதிகம். இருவருக்கும் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

ரேக் உங்கள் முடிவுகளையும் மாற்ற வேண்டும். பாட்டில் 10 டாலர் இருக்கிறது, எதிராளி 10 டாலர் கட்டுகிறார். நீங்கள் 10 போட்டு 20 ஜெயிக்கப் பார்க்கிறீர்கள். மூன்றில் ஒரு முறை, அதாவது 33.3% ஜெயித்தால் போதும் என்று எல்லாப் பாடங்களிலும் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் 30 டாலர் பாட்டில் 1.50 ரேக் போய்க் கையில் வருவது 28.50. அப்போது தேவைப்படுவது 35.1%. உங்களுக்கு 34% வாய்ப்பு இருக்கும் சீட்டு என்றால், ரேக் இல்லாத உலகில் அது 20 சென்ட் லாபமான ‘கால்’ (எதிராளி கட்டியதை ஈடுகட்டுவது). ரேக் உள்ள மேஜையில் 31 சென்ட் நஷ்டம். இப்படி ‘பரவாயில்லை, போட்டுப் பார்க்கலாம்’ வகைக் கைகள்தான் சின்ன மேஜையில் மிக அதிகம், அவற்றையெல்லாம் ரேக் நஷ்டப் பக்கம் தள்ளிவிடுகிறது.

ஃபிளாப்புக்கு முன் முடிந்தால் ரேக் இல்லை என்ற விதிக்கும் இங்கே மதிப்பு இருக்கிறது. பந்தயத்தை ஏற்றி, மற்றவர்களை மடக்க வைத்துப் பிளைண்டைத் திருடினால் கிடைப்பது முழுசாக உங்களுக்கு. வெறுமனே கால் செய்து ஃபிளாப் பார்த்துச் சின்னப் பாட்டை ஜெயித்தால் அதில் தளத்துக்கும் பங்கு உண்டு. அதனால் ரேக் அதிகமுள்ள மேஜையில், குறிப்பாக ஸ்மால் பிளைண்டில் உட்கார்ந்திருக்கும்போது, கால் செய்வதைக் குறைத்து ஒன்று ஏற்றுவது அல்லது மடக்குவது என்று ஆடுவதுதான் கணக்குக்குச் சரியாக வரும். கணிப்பு மென்பொருள்கள் தரும் ஆரம்பச் சீட்டு அட்டவணைகளை மனப்பாடம் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவை எந்த ரேக்கை வைத்துக் கணக்கிடப்பட்டவை? பெரிய மேஜைக்கான அட்டவணையைச் சின்ன மேஜையில் அப்படியே ஆடினால் பிக் பிளைண்டில் இருக்கும்போது மடக்க வேண்டிய கைகளையும் கால் செய்துகொண்டிருப்பீர்கள்.

இந்த இடத்தில் அடிக்கடி வரும் ஒரு சந்தேகத்தையும் பேசிவிடலாம். ‘ரேக்குக்காகத் தளம் வேண்டுமென்றே இருவருக்கும் பெரிய சீட்டாகக் கொடுத்துப் பாட்டைப் பெரிதாக்குகிறது’ என்பார்கள். உச்சவரம்பைப் புரிந்துகொண்டால் இதில் தர்க்கம் நிற்காது. உச்சவரம்பைத் தாண்டிய பிறகு பாட் எவ்வளவு பெரிதானாலும் தளத்துக்குக் கூடுதலாக ஒரு சென்ட்கூட வராது. ஒரே கையில் ஒருவருடைய பணம் முழுவதும் போய், அவர் தளத்தை மூடிவிட்டுப் போனால் தளத்துக்குத்தான் நஷ்டம். அதற்கு வேண்டியது நிறைய நடுத்தரப் பாட்டுகள், மெதுவாகத் தோற்கும் ஆட்டக்காரர்கள். பலவீனமானவர் ஒருவர் 50 டாலர் போட்டு மூன்று மாதம் ஆடினால் அந்த 50-இல் பெரும்பகுதி ரேக்காகத் தளத்துக்கு வரும். அவரை ஒரு திறமைசாலி ஒரு மணி நேரத்தில் சுத்தமாகத் துடைத்துவிட்டால், தளத்துக்கு இரண்டு மூன்று டாலர்தான். புள்ளிவிவர மென்பொருளைத் தடுப்பது, மேஜையைத் தேர்ந்தெடுக்கும் வசதியை நீக்குவது, பெயர் தெரியாத மேஜைகள் போடுவது போன்ற விதிகளையெல்லாம் இந்தக் கோணத்தில் பாருங்கள், தெளிவாகப் புரியும். புதியவர்களைப் பாதுகாக்கத்தான் என்று சொல்வார்கள். பொய்யில்லை. அவர்களுடைய பணம் தளத்துக்காகவும் பாதுகாக்கப்படுகிறது.

அடுத்தது ரேக்பேக், அதாவது கட்டிய ரேக்கில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது. உண்மையான ரேக் என்ன என்பதை இதைக் கழிக்காமல் சொல்ல முடியாது. 7.5 பிபி கட்டி 30% திரும்பி வந்தால் நிகரம் 5.25. முதல் வைப்புத்தொகைக்குத் தரும் போனஸும் பெயர் மாறிய ரேக்பேக்தான். ‘600 டாலர் வரை போனஸ்’ என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். ஒவ்வொரு 20 டாலர் ரேக்குக்கும் 5 டாலர் விடுவிக்கப்படும் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும். அது 25% ரேக்பேக், அதற்கு மேல் ஒன்றுமில்லை. 600 முழுசாக வர நீங்கள் 2,400 டாலர் ரேக் கட்டியிருக்க வேண்டும், பெரும்பாலும் காலக்கெடுவும் இருக்கும்.

யார் எவ்வளவு கட்டினார்கள் என்று தளம் எப்படி முடிவு செய்கிறது என்பதில்தான் ரேக்பேக்கின் சூட்சுமம். ஆறு பேர் மேஜை, 20 டாலர் பாட், 1 டாலர் ரேக். இரண்டு பேர் ஆளுக்கு 9.75 போட்டிருக்கிறார்கள், மூன்றாவது ஆள் 50 சென்ட் போட்டு மடக்கினார், மற்ற மூவர் ஒன்றும் போடவில்லை. சீட்டு வாங்கிய எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பது ஒரு முறை, தலைக்கு 16.67 சென்ட், சும்மா மடக்கியவருக்கும் சேர்த்து. பாட்டில் பணம் போட்டவர்களுக்கு மட்டும் சமமாகப் பிரிப்பது இன்னொன்று, மூவருக்கும் தலைக்கு 33 சென்ட். போட்ட விகிதத்துக்கு ஏற்பப் பிரிப்பது மூன்றாவது. இருவருக்குத் தலா 48.75, மூன்றாமவருக்கு 2.5 சென்ட். முதல் முறையில் இறுக்கமாக, பல மேஜையில், பெரும்பாலும் மடக்கிக்கொண்டே ஆடுகிறவர்களுக்கு மற்றவர்கள் கட்டிய ரேக்கிலிருந்தும் பங்கு வரும். 2012 ஜனவரியில் போக்கர்ஸ்டார்ஸ் தளம் மூன்றாவது முறைக்கு மாறியபோது அந்த வகை ஆட்டக்காரர்கள்தான் அதிகம் கத்தினார்கள். என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் நேர்மையான கணக்கு.

ஒரு காலத்தில் இது வெளிப்படையான எண்ணாக இருந்தது. ஃபுல் டில்ட்டில் 27% ரேக்பேக் என்றால் 27%தான். போக்கர்ஸ்டார்ஸில் புள்ளிகள், படிநிலைகள். ஆண்டுக்குப் பத்து லட்சம் புள்ளி எடுத்தவருக்கு சூப்பர்நோவா எலைட் என்ற உச்ச நிலை. ஆட்டத்தில் லாபமே இல்லாமல், திரும்பி வரும் தொகையை மட்டும் நம்பி முழுநேரம் ஆடியவர்கள் இருந்தார்கள். 2015 நவம்பரில் அந்த நிலையை ஒழிக்கப்போவதாக அறிவித்தார்கள். டிசம்பர் 1 முதல் மூன்று நாள் பல ஆட்டக்காரர்கள் மேஜையில் உட்காராமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். முடிவு மாறவில்லை. அதற்குப் பிறகு பல தளங்களில் ரேக்பேக் ஒரு நிலையான சதவீதமாக இல்லை. சில இடங்களில் நீங்கள் தோற்கிறவரா, ஜெயித்துப் பணத்தை வெளியே எடுக்கிறவரா என்று பார்த்துத் திருப்பித் தரும் அளவை மாற்றுகிறார்கள். ஜெயிக்கிறவருக்குக் குறைவு. ‘60% வரை’ என்று விளம்பரத்தில் பார்த்தால் அந்த ‘வரை’யில்தான் எல்லாம் இருக்கிறது.

டோர்னமென்ட்டில் கணக்கு வெளிப்படையானது. 10+1 என்று போட்டிருந்தால் 10 பரிசுக்கு, 1 தளத்துக்கு. பத்து சதவீதம் என்று பேச்சுவழக்கில் சொல்வார்கள், நீங்கள் கொடுத்த 11-இல் பார்த்தால் 9.1%. ஒரு முறை கட்டினால் போதும், ஒவ்வொரு பாட்டிலும் எடுப்பதில்லை. ஆனால் வெளியேறி மறுபடி நுழைந்தால் மறுபடியும் கட்டணம். தகுதிச் சுற்று வழியாகப் போனால் அங்கே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரட்டைக் கட்டணம். கால் மணி நேரத்தில் முடியும் அதிவேக ஆட்டங்களில் சதவீதம் குறைவாகத் தெரியும், மணிக்கு எத்தனை ஆட்டம் போடுகிறீர்கள் என்று பெருக்கிப் பாருங்கள்.

டோர்னமென்ட்டில் தளமே கையைச் சுட்டுக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. 10,000 டாலர் பரிசு உறுதி என்று அறிவித்து 10+1 கட்டணத்தில் 900 பேர் மட்டும் வந்தால், சேர்ந்தது 9,000. மீதி 1,000 தளம் போட வேண்டும். வசூலான கட்டணம் 900. அன்றைக்குத் தளத்துக்கு 100 டாலர் நஷ்டம், ஆடியவர்களுக்கு ரேக்கே இல்லாத ஆட்டம். இப்படிப்பட்டவற்றைத் தேடிப்பிடித்து ஆடுகிறவர்கள் புத்திசாலிகள்.

மூன்று பேர் ஆடும் அதிர்ஷ்டச் சக்கர வகை ஆட்டத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 2014-இல் போக்கர்ஸ்டார்ஸ் ஸ்பின் அண்ட் கோ என்று அறிமுகப்படுத்தியது இந்த வகைதான். ஆளுக்கு 10, மொத்தம் 30 டாலர். தளத்தின் பங்கு 7% என்று வைத்தால் சராசரிப் பரிசு 27.90. ஆனால் சக்கரம் பெரும்பாலும் நிற்பது இரண்டு மடங்கில், அதாவது 20 டாலரில். அந்த ஆட்டங்களில் 30-இல் 10 மேஜையில் இல்லை. கொஞ்சம் தளத்துக்கு, மீதி எப்போதோ யாருக்கோ விழப்போகும் ஆயிரக்கணக்கான மடங்குப் பரிசுக்கு. அந்தப் பெரிய பரிசு உங்களுக்கு விழாத வரை, நீங்கள் ஆடிக்கொண்டிருப்பது 7% ஆட்டம் அல்ல, அதைவிட மிகவும் கனமான ஒன்று. போக்கரையும் லாட்டரியையும் ஒரே சீட்டில் விற்கிறார்கள்.

இவை தவிர ஓரத்தில் சில கழிவுகள் இருக்கின்றன. ஜாக்பாட்டுக்கு என்று பாட்டிலிருந்து தனியாகக் கிள்ளுவது, பண மாற்று விகிதத்தில் வைக்கும் வித்தியாசம், நீண்ட நாள் ஆடாமல் கிடக்கும் கணக்கில் மாதாமாதம் கழிப்பது. ஆல்-இன் ஆன பிறகு ‘இப்போதே பணமாக எடுத்துக்கொள்’ என்று ஒரு பொத்தான் வருமே, அதற்குப் பெரும்பாலும் 1% கட்டணம். 100 டாலர் பாட்டில் உங்கள் வாய்ப்பு 80% என்றால் 80-க்குப் பதில் 79.20. மீதிச் சீட்டு விழும் பதற்றத்திலிருந்து தப்பிக்க 80 சென்ட். ஒரு முறை என்றால் ஒன்றுமில்லை, பழக்கமாகிவிட்டால் அது ரேக்குக்கு மேல் இரண்டாவது ரேக். அந்தத் தொகையை இழந்தால் அன்றைக்குத் தூக்கம் வராது என்ற அளவில் ஆடுகிறவர், பொத்தானை அழுத்துவதைவிடச் சின்ன மேஜைக்கு இறங்குவது நல்லது.

இவ்வளவு படித்த பிறகு ரேக் மிகக் குறைவான தளத்தைத் தேடத் தோன்றும். இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட்டுத் தேடுங்கள். ஒன்று, எதிராளிகள். ரேக் குறைந்த இடத்துக்கு முதலில் ஓடி வருகிறவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள்தான். 8 பிபி ரேக் கட்டி விளையாட்டுக்காக வந்தவர்களோடு ஆடுவது, 3 பிபி கட்டி ஐந்து தேர்ந்தவர்களோடு ஆடுவதைவிட லாபமாக இருக்கலாம். ஃபில் கால்ஃபோண்ட் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் தொடங்கிய ரன் இட் ஒன்ஸ் போக்கர், ரேக்கின் ஒரு பகுதியை எடுத்து ஆட்டத்தின் நடுவிலேயே பாட்டில் கொட்டியது. ஆட்டக்காரர்கள் மெச்சினார்கள். 2019 பிப்ரவரியில் தொடங்கிய தளம் 2022 ஜனவரியில் மூடப்பட்டது. போதுமான கூட்டம் கடைசி வரை சேரவில்லை.

இரண்டாவது, பணம் எங்கே இருக்கிறது என்பது. தளத்தின் வருமானம் ரேக் மட்டும்தான், உங்கள் கணக்கில் இருக்கும் தொகை உங்களுடையது. அதைத் தனியாக வைத்திருக்க வேண்டும். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு பெரிய தளங்கள்மீது வழக்குப் போட்டு முடக்கிய பிறகுதான் ஃபுல் டில்ட்டின் நிலை வெளியே வந்தது. ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 390 மில்லியன் டாலர், வங்கியில் இருந்தது சுமார் 60 மில்லியன் என்று அமெரிக்க நீதித்துறை அந்த ஆண்டு செப்டம்பரில் சொன்னது. 27% ரேக்பேக் தந்த அதே தளம். மற்றவர்கள் பணம் போட்டுக்கொண்டே இருந்த வரை யாருக்கும் தெரியவில்லை. 2012-இல் போக்கர்ஸ்டார்ஸ் அதை வாங்கி, அரசுடன் 731 மில்லியன் டாலருக்கு உடன்படிக்கை செய்த பிறகுதான் பணம் திரும்ப வழி பிறந்தது. தனியார் கிளப் செயலிகளில் இந்த ஆபத்து இன்னும் நேரடியானது. செயலியில் ஓடுவது வெறும் புள்ளிகள், பணத்தைக் கைமாற்றுவது ஏஜென்ட். ரேக்கைக் கிளப்பும் ஏஜென்ட்டும் பிரித்துக்கொள்வார்கள். நிறையத் திருப்பித் தருவதாக ஏஜென்ட் சொல்லலாம். அவர் ஒரு நாள் பதில் சொல்லாமல் போனால் புகார் கொடுக்க இடமே இருக்காது.

உங்கள் சொந்த எண்ணைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. பெரும்பாலான தளங்கள் ஒவ்வொரு கையின் வரலாற்றிலும் மொத்தப் பாட், ரேக் என்று இரண்டையும் எழுதுகின்றன. போக்கர்டிராக்கர், ஹோல்டம் மேனேஜர் போன்ற மென்பொருள்கள் அதைக் கூட்டி, கட்டிய ரேக்கை 100 கைக்கு இத்தனை பிபி என்று காட்டும். ஒரு பத்தாயிரம் கையாவது சேர்ந்த பிறகு பாருங்கள். ரேக் எண் சீட்டு அதிர்ஷ்டத்தைப் போல மேலும் கீழும் குதிக்காது, சீக்கிரமே ஒரு இடத்தில் நின்றுவிடும். பக்கத்திலேயே உங்கள் லாப நஷ்டமும் இருக்கும். நஷ்டம் 3, கட்டிய ரேக் 8 என்று வந்தால் எதிராளிகளை நீங்கள் 5 பிபி வித்தியாசத்தில் வெல்கிறீர்கள். அப்படிப்பட்டவர் 25 சென்ட் மேஜைக்கு ஏறினால் ரேக் ஒன்றிரண்டு பிபி குறையலாம். அங்கே எதிராளிகள் அதற்கும் மேல் வலுவானவர்களாக இருந்தால் ஏறியதில் பயனில்லை. நஷ்டம் 15, ரேக் 8 என்று வந்தால் ரேக்கைப் பற்றிய இந்தப் பேச்சையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, முதலில் ஆட்டத்தைக் கவனிக்க வேண்டியதுதான்.